சத்தம் போடாமல் பாட்டு

பாட்டு டீச்சர் ஆவதற்குப் பயிற்சி தரும் அந்தக் கல்லூரியில் அந்த வருடம் மொத்தமே பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் பாட வரும். ஆனால் நாலு காகிதத்தை ஒழுங்காக அடுக்கி, ஊசி குத்தி, உரிய மேசையில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்திக்குத்தான் வரும். அந்த ஒரு குற்றத்துக்காக அவளை லீடர் ஆக்கிவிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி, மற்ற எல்லோருக்கும் அவள் லீடர்தான். வேலை என்று வந்தால் ஆளாளுக்கு அவள் தலையில் கட்டுவார்கள். அவளும் வாங்கிக் கட்டிக்கொள்வாள். தான் இல்லாவிட்டால் இந்தக் கல்லூரியே படுத்துவிடும் என்று அவளுக்குள் ஒரு சின்ன நினைப்பு உண்டு, அதையும் மறைப்பானேன்.

அவள் பக்கத்து இருக்கைக்காரிக்குத் தாளம் என்று பட்டப்பெயர். அந்தப் பெண்ணின் விரல்கள் சும்மா இருக்காது. மேசை, புத்தக அட்டை, சாப்பாட்டு டப்பா, பஸ் கம்பி, எதிரே இருப்பவளின் முதுகு என்று எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருக்கும். லீடர் எழுதும்போது மேசை ஆடும். எழுத்து கோணும்.

"ஏய், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?"

"நான் சும்மாதான் இருக்கேன். கைதான் கேக்க மாட்டேங்குது."

தாளம் எட்டு வயதிலேயே தான் பாட்டு டீச்சர்தான் என்று முடிவு கட்டியவளாம். வீட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தலையணைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள். ஒரு தலையணை மட்டும் சுருதி சேராது என்று அதை மூலையில் நிற்க வைத்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் வேறு எதுவும் கிடைக்காமல் இந்தப் படிப்புக்கு வந்தவர்கள். வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

கல்லூரியில் பாதி வருடம் படித்த பிறகு ஆறு வாரம் பள்ளிக்கூடங்களுக்குப் போய் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். பதினெட்டுப் பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். நோக்கம், உபகரணம், நேரப் பங்கீடு எல்லாம் எழுதி, கடைசியில் சுயமதிப்பீடு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற ரகசியம். 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். பாடத்தின் நோக்கம் நிறைவேறியது.' வகுப்பில் கூரை இடிந்து விழுந்தாலும் இதைத்தான் எழுத வேண்டும். வேறு மாதிரி எழுதினால் மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் காரணம் கேட்பார், எதற்கு வம்பு? யாராவது எழுதாமல் விட்டிருந்தால் குறிப்பேடு மேசைக்குப் போவதற்கு முன் லீடரே எழுதிவிடுவாள். பதினான்கு பேரின் நிறைவும் பாதிக்கு மேல் அவள் கையால் எழுதியதுதான்.

லீடருக்கும் தாளத்துக்கும் ஒரே பள்ளி கிடைத்தது. முதல் நாள் தாளம் கண்ணில் மை தீட்டி, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆறாம் வகுப்பு. மாடிப்படிக்குக் கீழே பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்த அறைதான் பாட்டு அறை. நடுவில் ஒரு கட்டை அமுங்கியே கிடக்கும் கீபோர்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வருகிறது.

மூன்றாவது நாள் கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். கோபக்காரர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பிள்ளைங்க பாடட்டும், வேண்டாங்கல. கொஞ்சம் சத்தம் போடாம பாட வைங்க."

அதைத் தாளம் மதியச் சாப்பாட்டில் சொன்னபோது லீடருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. தாளமும் சிரித்தாள். மறுநாள் தலைமையாசிரியரும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளிலிருந்து தாளம் சத்தம் போடாமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். அவள் கீபோர்டின் ஒலியைக் குறைத்து வைத்து, காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி வாசிப்பாள். ஒரு பிள்ளை மறந்துபோய்க் குரலை எடுத்துவிட்டால் அவளே ஓடிப்போய் உதட்டில் விரல் வைப்பாள். வாரத்துக்கு மூன்று பாட்டு வகுப்பில் இரண்டு கணக்குக்குப் போய்விடும், மிச்சமிருப்பதில் இந்தக் கூத்து. மற்ற நேரம் எந்த டீச்சர் வரவில்லையோ அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். "பாட்டு டீச்சர் சும்மாதானே இருக்காங்க" என்பது அந்த ஆசிரியர் அறையில் ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்கும் பேச்சு.

மூன்றாம் வாரம் போல தாளத்தின் விரல்கள் நின்றுவிட்டன. மேசை ஆடவில்லை. லீடர் அதைக் கவனித்தாள், கவனிக்காமல் இல்லை. ஆனால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. 'நல்லவேளை, இன்றைக்காவது கையெழுத்து நேராக வருகிறது' என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனாள். பின்னால் எத்தனையோ நாள் அந்த நினைப்பை நினைத்து அவள் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்திருக்கிறது.

நாலாம் வாரம் கல்லூரிக்கு வாரம் ஒரு நாள் வரும் மனநல ஆலோசகர் பதினான்கு படிவங்களை லீடரிடம் கொடுத்தார். மொத்தம் நாற்பது கேள்விகள். தொழிலில் மனநிறைவு இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறதா. ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

"உண்மைய எழுதச் சொல்லுங்க. யாருக்கு சிரமம் அதிகமா தெரியுதோ அவங்கள நான் தனியா கூப்பிட்டுப் பேசுவேன். இது மார்க்குக்கு இல்ல" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர்க்க வேண்டும். வெள்ளி மதியம் பதின்மூன்று வந்துவிட்டன. தாளத்தின் படிவம் மட்டும் வெள்ளையாக அவள் பையில் மடிந்து கிடந்தது.

"குடுடி அத. உன் ஒருத்தியால என் மானம் போகுது."

"நீயே போட்டுடேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே."

லீடர் பேனாவைத் திறந்தாள். குறிப்பேட்டுக்குச் செய்கிற அதே வேலைதான், கை பழகிய வேலை. முதல் நாலைந்து கேள்விகளை வாசித்துக் கேட்டாள். தூக்கம் வருதா? வருது. சாப்பிடுறியா? உன்கூடத்தானே சாப்பிடுறேன். அதற்கப்புறம் வாசிக்கவும் இல்லை. வால் நீண்ட டிக்குகளாகப் போட்டுக்கொண்டே போனாள். நல்ல கேள்விக்கெல்லாம் எப்போதும், கெட்ட கேள்விக்கெல்லாம் ஒருபோதும் இல்லை. முப்பத்தொன்றாவது கேள்வியில் கண் ஒரு கணம் நின்றது.

"'காரணமில்லாமல் அழத் தோன்றுகிறதா?' பாருடி, என்னெல்லாம் கேக்கறாங்க. அழத் தோணுதா உனக்கு?"

தாளம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. லீடர் 'ஒருபோதும் இல்லை'யில் ஒரு டிக் போட்டு, மிச்சத்தையும் முடித்து நீட்டினாள். தாளம் அதை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தரம் படித்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஆலோசகர் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசினார். அதில் தாளம் இல்லை. எப்படி இருப்பாள்? அந்தக் கல்லூரியிலேயே சந்தோஷமான ஆள் அவள்தான் என்று காகிதம் சொல்லிவிட்டதே.

அடுத்த வாரம் அவள் கொஞ்சம் கலகலப்பாகக்கூட இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஜோக் சொன்னாள். லீடர் மறுபடி நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் வாரம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் பத்தாம் வகுப்பை வேறு அறைக்கு மாற்றி, பாட்டு அறையைப் பெருக்கி, கீபோர்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். அமுங்கிய கட்டை அப்படியே இருந்தது, அதைத் துடைத்தால் மட்டும் எழுந்துவிடுமா? லீடர் பதிவேடுகளோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு சத்தமா பாடலாமா டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி கேட்டாள்.

தாளம் தலையாட்டினாள். கீபோர்டில் ஷட்ஜ ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தாள். சுருதி கொடுத்துவிட்டு அவள் பாட வேண்டும், பிள்ளைகள் வாங்கிப் பாட வேண்டும். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வாயைத் திறந்தாள். அவளுக்கு அந்த ஆறு வாரத்தில் பழகியது அதுதானே, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அந்தச் சிறுமி, டீச்சருக்கு உதவி தேவை என்று அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ, அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். பக்கத்துப் பெண் சேர்ந்தாள். கடைசி பெஞ்சுப் பையன்கள் சேர்ந்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே ஸ்வரத்தை, ஆறு வாரமாக அடக்கி வைத்த குரலையெல்லாம் திரட்டி, முழுத் தொண்டையில் பிடித்து நின்றார்கள். ஒருவருக்கு மூச்சு முட்டினால் இன்னொருவர் விடாமல் பிடித்தார்கள். மாடிப்படியில் போன பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். தாளம் கட்டையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. தாரை தாரையாகக் கண்ணீர் ஊற்ற அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று லீடருக்குத் தெரியவில்லை. தேர்வாளர் மேசையைத் தட்டி நிறுத்தச் சொன்னதும் பிள்ளைகள் நிறுத்தினார்கள். தாளம் கீபோர்டு மேசைக்குக் கீழே போய், கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை வெளியே கொண்டுவர அம்மா வர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா கல்லூரிக்கு வந்தாள். முதல்வர் மேடத்தின் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மருத்துவரின் சீட்டு.

"மனச்சோர்வுன்னு சொல்றாங்க மேடம். மாத்திரை குடுத்திருக்காங்க. எழுந்திரிக்கவே மாட்டேங்கறா. இந்தப் பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்க ஒரு வாய்ப்பு குடுத்தீங்கன்னா..."

முதல்வர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு விதிப்புத்தகம் இருந்தது. உடல்நலமோ மனநலமோ கெட்டிருந்தால் மறுதேர்வு உண்டு. பயந்து பாதியில் விட்டவர்களுக்குக் கிடையாது, பெயரை நீக்கிவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை குழு கூடி இரண்டில் ஒன்றை முடிவு செய்யும். அவர் லீடரைக் கூப்பிட்டுத் தாளத்தின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

லீடர் கொண்டுவந்து வைத்தாள். முதல்வர் புரட்டினார். அந்தப் படிவத்தை எடுத்து அம்மாவின் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்கம்மா. ரெண்டு வாரத்துக்கு முன்னால உங்க பொண்ணு எழுதிக் குடுத்தது. நல்லா தூக்கம் வருது, வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு, அழத் தோணவே இல்ல. இத வச்சுக்கிட்டு நான் குழுவுல என்னன்னு பேச? கீழ இருக்கறது அவ கையெழுத்துதானே?"

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"அவளோடதுதான்" என்றாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அப்ப ஏன் இப்படிப் பண்றா?" என்றாள்.

லீடர் ஒன்றரை முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வால் நீண்ட நாற்பது டிக்குகளும் அவளைப் பார்த்தன. வாயைத் திறந்தால் போதும். ஆனால் அடுத்தவர் பதிவேட்டையோ படிவத்தையோ எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வருடம் சான்றிதழ் கிடையாது என்பது அதே விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கம். ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும் விட்டார். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கும் அன்றைக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேசை அசையாமல் இருந்தது. அந்த அசையாத மேசையில் கையை வைக்கவே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குழு கூடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் முதல்வர் அறைக்குள் போய், தன் படிவத்தையும் தாளத்தின் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுலயும் டிக் என்னோடது மேடம். அவகிட்ட நான் கேக்கவே இல்ல."

முதல்வர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத செவ்வாக்கிழமை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம் மேடம்."

"உன்னைக் காப்பாத்த என்னால முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

அன்று மாலையே தாளத்துக்கு மறுதேர்வு அனுமதிக் கடிதம் தயாரானது. லீடரின் சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப்போனது, அந்தப் பள்ளி வேலையும் கைவிட்டுப் போனது. அவள் அதற்காக அழவில்லை. கடிதத்தையும், ஆலோசகரிடம் கேட்டு வாங்கிய ஒரு வெற்றுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தாளத்தின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த அம்மாவுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. லீடர் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்து வந்திருந்தாள். அம்மா திட்டவில்லை.

"நான் அவள நடிக்கிறன்னு சொல்லிட்டேனே கண்ணு" என்றாள். "நல்லாத்தானே இருக்கேன்னு எழுதியிருக்க, யாரை ஏமாத்தறன்னு கேட்டுட்டேன். செவ்வாக்கிழமைலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நாலு நாளாச்சு."

இந்த நாலு நாளில், உண்மையைச் சொல்லாமல் விட்ட மூன்று நாள் லீடரின் கணக்கில் வரும். அவள் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்க்கவில்லை.

தாளம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். லீடர் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டினாள். தாளம் திரும்பினாள். அந்த வாரத்தில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"வேண்டாம்டி. நான் வரல."

"அந்தப் படிவத்தால வந்த வினைடி எல்லாம். நான்தான்..."

"நான்தானே உன்னைப் போடச் சொன்னேன்" என்றாள் தாளம். குரல் அடித்தொண்டையில் இருந்தது. "நீ எழுதினத முழுசா படிச்சேன் தெரியுமா? அதுல இருக்கறவ எவ்ளோ நல்லா இருந்தா. தூங்குறா, சாப்பிடுறா, வேலைக்கு ஆசையா போறா. உனக்கு என்னைத் தெரியும்ல, அப்ப நான் நெசமா இப்படித்தான் போலன்னு நெனச்சேன். ஒரு வாரம் அவள மாதிரியே இருந்து பாத்தேன். ஜோக்கெல்லாம் சொன்னேன். முடியலடி."

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அந்த வார்த்தை மிகச் சின்னதாகப் பட்டது. பையிலிருந்து வெற்றுப் படிவத்தை எடுத்தாள்.

"இன்னொரு தரம் கேக்கட்டுமா? இது கல்லூரிக்கு இல்ல. உன்னைப் பாக்கற டாக்டருக்கு."

தாளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லீடர் ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். சில பதில்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது. தூக்கம்? இல்லை. பசி? இல்லை. முப்பத்தொன்றாவது கேள்வியை வாசித்ததும் தாளம் அழுதாள். லீடர் அவசரப்படாமல், அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, 'எப்போதும்' என்ற கட்டத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டாள். வாசலில் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி வந்தது.

"'ஆசிரியர் தொழில் எனக்கு மனநிறைவு தருகிறது.'"

தாளம் கூரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு பிள்ளைங்க எனக்காக அந்த ஸ்வரத்தப் பிடிச்சாங்கள்ல" என்றாள். "விடவே இல்ல பாத்தியா? அப்ப தந்துச்சு."

"ம்."

"அதுக்கு எதுல போடுவ?"

லீடர் ஐந்து கட்டங்களையும் பார்த்தாள். எதிலும் போட முடியவில்லை. கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, போர்வையின் மேல் கிடந்த அவள் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த விரல்கள் ஒரே ஒரு தரமாவது தட்டாதா என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். தட்டவில்லை.